கோச்சை மாற்றினால் டீம் ஜெயிக்குமா?

பெங்களூரு எஃப்சி தொடர்ந்து மூன்று மேட்ச் தோற்றால் போதும். ஆஸ்டின் டவுன் நந்தன் கிரவுண்ட் ஓரத்திலும், பெலேவுக்குச் சிலை வைத்திருக்கும் அல்சூர் கௌதமபுரத்திலும் ஒரே பேச்சுதான்: "கோச்சை மாத்தணும்." அடுத்த மூன்றையும் ஜெயித்துவிட்டால் அதே கோச்சைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள். உண்மையில் ஒரு தொழில்முறை கால்பந்து அணியின் வெற்றியில் கோச்சின் பங்கு எவ்வளவு? அது எங்கே கண்ணுக்குத் தெரியும், எங்கே தெரியாது? கால்பந்தை இப்போதுதான் ஊன்றிப் பார்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக அதைத்தான் இங்கே விளக்குகிறோம்.

முதலில் நேரடியான பதில். ஓர் அணி எந்த உயரம் வரை போக முடியும் என்பதை அதிலுள்ள வீரர்களின் தரம் தீர்மானிக்கிறது. அந்தத் தரத்தைப் பெரும்பாலும் பணம் தீர்மானிக்கிறது. கிடைத்த வீரர்களை வைத்துக்கொண்டு அந்த உயரத்தைத் தொடுவதா, பாதியிலேயே நிற்பதா என்பதுதான் கோச்சின் கையில் இருக்கிறது. பன்னிரண்டு அணிகள் ஆடும் லீகில் நான்காவது இடத்துக்குரிய வீரர்கள் இருந்தால், நல்ல கோச் அந்த அணியை இரண்டாவது இடத்துக்குக் கொண்டுபோகலாம். மோசமான கோச் பத்தாவது இடத்துக்கே இறக்கிவிட முடியும். உயர்த்துவதைவிடக் கெடுப்பது எளிது என்பதால் கீழே போகும் தூரம் எப்போதும் அதிகம். இவற்றோடு அதிர்ஷ்டமும் சேர்ந்துகொள்கிறது. ஒரு மேட்சில் இரண்டு அணிகளும் சேர்ந்து அடிப்பதே இரண்டு மூன்று கோல்தான். கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பும் ஒரே பந்து முடிவையே புரட்டிப்போட்டுவிடும்.

காசு எவ்வளவு பேசுகிறது

ஸ்டீஃபன் சிமான்ஸ்கி என்ற பொருளாதார அறிஞர் 1978 முதல் 1997 வரை 40 இங்கிலாந்து கிளப்புகளின் கணக்குகளை ஆராய்ந்தார். நீண்ட கால அளவில் கிளப்புகளின் லீக் நிலையில் உள்ள வித்தியாசத்தில் ஏறத்தாழ 90 சதவீதத்தை வீரர்களின் சம்பளச் செலவே விளக்கிவிடுகிறது என்று கண்டார். மீதி சுமார் பத்து சதவீதத்தில்தான் கோச், மருத்துவக் குழு, அதிர்ஷ்டம் எல்லாம் அடங்குகின்றன. இதைக் கேட்டதும் "அப்போ கோச் வெறும் பொம்மையா?" என்று தோன்றும். இந்தக் கணக்கு பல ஆண்டுகளின் சராசரி என்பதை மறக்கக் கூடாது. ஒரே ஒரு சீசனை எடுத்துப் பார்த்தால் சம்பளத்தின் பிடி தளர்ந்துவிடும். கோச் வேலை செய்வதற்கான இடம் அங்கேதான் கிடைக்கிறது.

நம் ஊர் நிலைமை இங்கிலாந்தைப் போன்றதும் அல்ல. பெங்களூரு ஆடும் இந்தியன் சூப்பர் லீகில், அதாவது ஐஎஸ்எல்லில், சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. தொடக்க சீசன்களில் ஆறு வெளிநாட்டவர் வரை ஒரே நேரத்தில் ஆடலாம் என்றிருந்தது. 2021-22 முதல் நான்கு பேர்தான். மீதி ஏழு பேர் இந்தியர்கள். நல்ல இந்திய வீரர்களின் எண்ணிக்கை குறைவு, எல்லாக் கிளப்பும் அதே கூட்டத்திலிருந்துதான் ஆள் எடுக்கின்றன. அதனால் அணிகளுக்கு இடையிலான தர வித்தியாசம் சுருங்குகிறது. வித்தியாசம் சுருங்கச் சுருங்கப் பயிற்சியின் எடை கூடும். இருபத்திரண்டு வயது இந்திய பேக் (பின்வரிசை ஆட்டக்காரர்) ஒருவரை ஆறு மாதத்தில் மேம்படுத்தத் தெரிந்த கோச் இங்கே கிளப்புக்குப் பெரிய சொத்து.

இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு மிசோரமின் ஐசால் எஃப்சி. ஐஎஸ்எல்லுக்கு முன்பிருந்தே நடந்துவரும் தேசிய லீகான ஐ-லீகில், 2015-16 முடிவில் கீழ் நிலைக்குத் தள்ளப்பட்ட அணி அது. கோவா கிளப்புகள் விலகியதால் மறுபடி சேர்த்துக்கொள்ளப்பட்டது. மும்பையில் வேலை போன காலித் ஜமீல் அங்கே கோச்சாகப் போனார். தன் விளையாட்டு முறை ஏற்கெனவே தெரிந்த ஜயேஷ் ராணே, அஷுதோஷ் மேத்தா போன்றவர்களையும் மும்பையிலிருந்து அழைத்துப் போனார். 2016-17 சீசன் முடிந்தபோது ஐசாலிடம் 37 புள்ளி, மோகன் பகானிடம் 36. சாம்பியன் ஐசால். அதே காலித் அடுத்த சீசனில் கொல்கத்தாவின் பெரிய கிளப்பான ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். அங்கே கிடைத்தது நான்காவது இடம். கோச் அதே ஆள்தான், ஆனால் அவர் முறைக்கும் கையில் இருக்கும் வீரர்களுக்கும் பொருத்தம் எல்லா இடத்திலும் ஒன்றாக அமையாது. "அவர் நல்ல கோச்சா?" என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்டிருக்கிறோம். "இந்த ஆட்களுக்கு அவர் நல்ல கோச்சா?" என்பதே முழுக் கேள்வி.

பந்து காலில் இல்லாத 88 நிமிடம்

ஒரு மேட்சில் 90 நிமிடம் ஓடும் கடிகாரத்தில் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருப்பது 55 நிமிடம் அளவுதான். அதிலும் ஒரு வீரரின் காலில் பந்து இருப்பது சராசரியாக இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் அவர் என்ன செய்வார் என்பது பத்து வயதிலிருந்து கால்பந்து ஆடிப் பழகிய திறமையைப் பொறுத்தது. கோச் அதைப் பெரிதாக மாற்ற முடியாது. மீதி 88 நிமிடம் அவர் எங்கே நிற்கிறார், எப்போது ஓடத் தொடங்குகிறார் என்பதுதான் கோச் சொல்லிக்கொடுப்பது. டிவி கேமரா பந்தையே துரத்துவதால் வீட்டில் பார்ப்பவருக்கு இது பெரும்பாலும் தெரிவதில்லை.

ஒரே ஒரு காட்சியை நிறுத்தி நிதானமாகப் பார்ப்போம். நம் அணி 4-4-2 அமைப்பில் நிற்கிறது: பின்னால் நான்கு பேர், நடுவில் நான்கு, முன்னால் இரண்டு. எதிரணிப் பின்வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் பேக், கோட்டோரம் நிற்கும் தன் லெஃப்ட் பேக்குக்கு 20 மீட்டர் பாஸ் கொடுக்கிறார். அந்தப் பந்து போய்ச் சேர ஒன்றரை நொடிக்குள்தான் ஆகும். அந்த நேரத்துக்குள் நம் பக்கம் ஐந்து பேர் நகர்ந்தாக வேண்டும். வலது ஓரத்தில் ஆடும் நம் ரைட் விங்கர் அந்த லெஃப்ட் பேக்கை நோக்கி ஓட வேண்டும். நேராக ஓடினால் உள்பக்கம் பாஸ் போய்விடும் என்பதால் சற்று வளைந்து ஓடி அந்த வழியை உடலால் மறைக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் ஃபார்வர்ட் பந்து திரும்பவும் சென்டர் பேக்கிடம் போகாதபடி நடுவில் நிற்க வேண்டும். நம் ரைட் பேக் முன்னேறி எதிரணி விங்கரை ஒட்ட வேண்டும். ஒரு மிட்ஃபீல்டர் அவர்களுடைய நடு ஆட்டக்காரரைப் பிடிக்க வேண்டும். மறுகோடியில் இருக்கும் நம் லெஃப்ட் விங்கர் தன் பக்கத்தைக் காலி செய்துவிட்டு மைதானத்தின் நடுப்பகுதி வரை சுருங்கி வர வேண்டும். எல்லாம் சரியாக நடந்தால் பந்து வைத்திருப்பவருக்கு மிஞ்சுவது கோடும், தூக்கி அடிக்க ஆகாயமும்தான்.

இது எங்கே உடையும்? பந்து எதிராளியின் காலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு விங்கர் ஓடத் தொடங்கினால் ஒரு நொடி போச்சு. லெஃப்ட் பேக் தலையை நிமிர்த்திப் பார்த்துவிடுவார். ஓட்டம் தொடங்க வேண்டியது சென்டர் பேக்கின் காலிலிருந்து பந்து கிளம்பும்போது. ரைட் பேக் பயந்து ஐந்து மீட்டர் பின்னால் நின்றால் எதிரணி விங்கர் பந்தை வாங்கித் திரும்பிவிடுவார். எல்லாவற்றையும் விட அடிக்கடி நடப்பது வேறு. முன்வரிசை ஆவேசமாகப் பாய்கிறது, டிஃபென்ஸ் வரிசையோ பின்னாலேயே நிற்கிறது. கட்டுக்கோப்பான அணியில் முதல் ஃபார்வர்டுக்கும் கடைசி பேக்குக்கும் இடையே 30 முதல் 35 மீட்டர்தான் இருக்கும். இந்தத் தவறு நடக்கும்போது மிட்ஃபீல்டுக்கும் டிஃபென்ஸுக்கும் நடுவில் மட்டும் 25 மீட்டர் திறந்துகொள்கிறது. அங்கே பந்து வாங்கும் எதிராளி நிதானமாகத் திரும்பி கோல் பாஸ் போடுகிறார். டிவியில் கடைசியாகத் தெரிவது தடுமாறும் சென்டர் பேக்தான், திட்டு வாங்குவதும் அவர்தான். தவறு தொடங்கியது 50 மீட்டர் முன்னால், துணையில்லாமல் தனியாகப் பாய்ந்த ஃபார்வர்டிடம்.

இதைப் பழக்கும் முறைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் எதிரணியே இல்லாமல் பதினொரு பேர் நடை வேகத்தில். கோச் பந்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றிக்கொண்டே இருப்பார், பதினொருவரும் ஒரே துணி இழுபடுவது போல் சேர்ந்து நகர வேண்டும். பத்து நிமிடம் போதும். பிறகு பாதி மைதானத்தில் ஆறுக்கு ஆறு. அதன்பின் எட்டுக்கு எட்டு, நான்கு நிமிட ஆட்டம், இரண்டு நிமிட இடைவெளி, நான்கைந்து சுற்று. தவறு நடக்கும் கணத்தில் கோச் "ஸ்டாப்!" என்று கத்தி எல்லோரையும் நின்ற இடத்தில் நிறுத்துவார். யார் எங்கே நிற்கிறார்கள் என்று அவர்களே பார்க்க வேண்டும். ஒரு சுற்றில் இரண்டு மூன்று முறைக்கு மேல் நிறுத்தினால் ஆட்டத்தின் சூடு போய்விடும், வீரர்கள் எரிச்சலாவார்கள். இப்படிப் பழகி, யோசிக்காமலே கால் நகரும் நிலைக்கு வரப் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். சீசன் நடுவில் வந்து, நான்கு நாளைக்கு ஒரு மேட்ச் ஆடும் கோச்சுக்கு அந்த ஆறு வாரமே கிடைப்பதில்லை. அவர் செய்யக்கூடிய பெரிய தப்பு, வந்த இரண்டு வாரத்தில் மூன்று அமைப்புகளைச் சொல்லிக்கொடுப்பது. யோசித்து ஓடும் வீரர் எப்போதும் ஒரு நொடி தாமதம்தான்.

ஒரு வாரம் எப்படிப் போகிறது

சனிக்கிழமை மேட்ச் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடியவர்களுக்கு சைக்கிள், நீச்சல், மசாஜ் மட்டும். ஆடாதவர்களும் கடைசி பத்து நிமிடம் ஆடியவர்களும் அன்று நன்றாக ஓடியாக வேண்டும், இல்லையென்றால் இரண்டு வாரத்தில் அவர்களுடைய உடல் தகுதி சரிந்துவிடும். திங்கள் விடுமுறை. செவ்வாயன்று சிறிய கட்டத்தில் நாலுக்கு நாலு. நிற்பது, திரும்புவது, மோதுவது என்று தொடைக்கு வேலை. புதன்தான் வாரத்தின் கனமான நாள்: பெரிய மைதானம், நீண்ட ஓட்டம், முழு வேகம். வியாழனன்று வேகத்தைக் குறைத்து, அடுத்த எதிரணிக்கான திட்டம். வெள்ளியன்று முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம், அதில் பெரும்பகுதி மூலையிலிருந்து அடிக்கும் கார்னரும், எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் ஃப்ரீ கிக்கும்.

வீரர்கள் சட்டைக்குள் போட்டிருக்கும் அந்தக் கறுப்பு உள்சட்டையின் முதுகில் ஒரு ஜிபிஎஸ் கருவி இருக்கிறது. ஒரு மேட்சில் மிட்ஃபீல்டர் ஓடும் மொத்த தூரம் 10 முதல் 12 கிலோமீட்டர். அந்த மொத்தத்தைவிடக் கோச் கவனிக்க வேண்டியது, மணிக்கு 19.8 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய தூரம். முழு வேக ஓட்டத்துக்கு 25.2 கிலோமீட்டர் என்று தனி வரம்பு வைத்திருக்கிறார்கள். புதன்கிழமை முழு வேகத்தைத் தொடாத விங்கர், சனிக்கிழமை மேட்சில் திடீரென அந்த வேகத்துக்குப் போனால் தொடையின் பின்தசை பிடித்துக்கொள்ளும். தொழில்முறை கால்பந்தில் அதிகம் வரும் தசைக் காயம் இதுதான். மூன்று வாரம் போச்சு.

தோல்விக்குத் தண்டனையாக மறுநாள் காலையிலேயே டீமை ஓடவிடும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. மேட்ச் ஆடிய தசை பழைய நிலைக்கு வர 48 முதல் 72 மணி நேரம் பிடிக்கும். அதற்குள் விரட்டினால் ஒழுக்கம் வளராது, காயப் பட்டியல்தான் வளரும். அடுத்த வாரம் மூன்று முக்கிய வீரர்கள் இல்லாமல் மறுபடி தோற்கிறார்கள். பெங்களூரு அணிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் இந்த ஊரின் குளிர்ச்சியில் பயிற்சி எடுத்துவிட்டு கொச்சியிலோ சென்னையிலோ போய் ஆடும்போது அந்தப் புழுக்கத்தில் 90 நிமிடமும் பாய்ந்து பாய்ந்து பந்து பறிக்க முடியாது. எந்தப் பதினைந்து நிமிடம் பாய்வது, எப்போது பின்வாங்கி மூச்சு வாங்குவது என்று முன்கூட்டியே வகுத்திருக்க வேண்டும். குவாஹாட்டிக்குப் போய் வந்தால் பயணத்திலேயே ஒரு பயிற்சி நாள் கழிந்துவிடும். அப்படிப்பட்ட வாரத்தில் எதை விடுவது என்று தெரிந்து விடுபவர்தான் அனுபவமுள்ள கோச்.

இரண்டு மார்ச் 17

கோச்சின் கைரேகை நேரடியாகப் பதியும் இடம் கார்னர். பந்து நிற்கிறது, எல்லோரும் சொன்ன இடத்தில் நிற்கலாம், ஒத்திகை பார்த்ததை அப்படியே செய்யலாம்.

2018 மார்ச் 17. பெங்களூரு அணியின் சொந்த மைதானமான கண்டீரவா ஸ்டேடியத்தில் ஐஎஸ்எல் இறுதிப் போட்டி, பெங்களூருக்கும் சென்னையின் எஃப்சிக்கும். இங்கே வாழும் தமிழ் ரசிகர்களுக்கு மனசு இரண்டு பக்கமும் இழுத்த இரவு. லீக் ஆட்டங்களில் கோச் ஆல்பர்ட் ரோகாவின் பெங்களூரு 40 புள்ளி எடுத்திருந்தது, இரண்டாவதாக வந்த சென்னை அணி 32. எட்டுப் புள்ளி வித்தியாசம். ஒன்பதாவது நிமிடத்தில் பெங்களூரின் சுனில் சேத்ரி கோல் அடித்தார். பிறகு 17ஆவது நிமிடத்தில் சென்னைக்குக் கார்னர், மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டி கோல். இடைவேளைக்குச் சற்றுமுன் மறுபடி கார்னர், மறுபடி மைல்சன், மறுபடி தலை. முடிவு 3-2, கோப்பை கோச் ஜான் கிரிகரியின் சென்னைக்கு. சீசன் முழுவதும் நன்றாக ஆடிய அணியை நின்ற பந்து இரண்டு சாய்த்துவிட்டது.

சரியாக ஒரு வருடம். 2019 மார்ச் 17, மும்பை. பெங்களூருக்கும் கோவாவுக்கும் இறுதிப் போட்டி. 90 நிமிடம் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில் 117ஆவது நிமிடம், திமாஸ் டெல்கடோ அடித்த கார்னரை ராகுல் பேக்கே தலையால் முட்ட, பெங்களூருக்கு 1-0 வெற்றி. கோச் கார்லெஸ் குவாத்ராத். அவர் ரோகாவின் உதவியாளராக இருந்தவர். ரோகா போனபோது கிளப் வெளியில் ஆள் தேடாமல் அவரையே உயர்த்தியது. வீரர்கள் புதிதாக எதையும் அடியிலிருந்து கற்க வேண்டியிருக்கவில்லை.

கணக்காகப் பாருங்கள். நூறு கார்னருக்கு மூன்று கோல் அளவில்தான் விழும். ஓர் அணிக்கு மேட்சுக்கு ஐந்து கார்னர், 24 லீக் மேட்ச் என்றால் 120 கார்னர், மூன்று நான்கு கோல். நன்றாகத் தயார் செய்த அணி அதை ஏழாக்கிக்கொள்ளலாம். நெருக்கமான பட்டியலில் அந்த மூன்று கோல் சில புள்ளிகளுக்குச் சமமாகலாம். லீகில் முன்னணியில் முடித்த அணிகள் கோப்பைக்காக ஆடும் பிளே ஆஃப் வாய்ப்பே அதில் நிற்கும். இதற்குத் தேவை வெள்ளிக்கிழமை 20 நிமிடமும், எட்டுப் பத்து கிக்கும்.

தடுக்கும் பக்கம் என்ன நடக்கிறது? வழக்கமாக ஒருவர் முதல் கம்பத்தருகே நிற்பார். நாலைந்து பேர் கோலுக்கு முன்னால் இருக்கும் ஆறு கெஜக் கோட்டில் அவரவர் இடத்தைக் காப்பார்கள். இரண்டு மூன்று பேர் எதிரணியின் உயரமானவர்கள் ஓடிவரும் வழியை மறிப்பார்கள். ஒருவர் பெனால்டி பெட்டிக்கு வெளியே. மறிப்பவரை எதிரணியில் ஒருவர் குறுக்கே நின்று தடுத்துவிட்டால், ஓடிவருபவர் தடையில்லாமல் எகிறுவார். இதைவிடச் சாதாரணமாக நடக்கும் தவறு ஒன்று உண்டு: 70ஆவது நிமிடத்தில் ஆள் மாறுகிறது, வெளியே போனவர் பிடித்துக்கொண்டிருந்த எதிராளியை இனி யார் பிடிப்பது என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த கார்னரிலேயே கோல். அதற்காகத்தான் உள்ளே போகும் வீரர் கோட்டோரம் நிற்கும்போது உதவிக் கோச் ஒரு காகிதத்தையோ டேப்லெட்டையோ அவர் முகத்துக்கு நேரே பிடித்து விரலால் காட்டிக்கொண்டிருக்கிறார். அடுத்த முறை அதைக் கவனியுங்கள்.

மேட்ச் நடக்கும்போது கோட்டோரம் நின்று கோச் கத்துவதற்கு ரசிகர்கள் கொடுக்கும் மதிப்பு அதிகம். கூட்டத்தின் இரைச்சலில் எதிர்ப்பக்க விங்கருக்கு அது கேட்கவே கேட்காது. மேட்ச் நேரத்தில் அவர் கையில் உண்மையாக இருப்பது இடைவேளைப் பேச்சும், மூன்று தருணங்களுக்குள் செய்யக்கூடிய ஐந்து ஆள் மாற்றமும்தான். ஒரே முடிவு எவ்வளவு விலை வைக்கும் என்பதற்கும் கண்டீரவாவே சாட்சி. 2023 மார்ச் 3 பிளே ஆஃபில், கூடுதல் நேரத்தில், கேரளா வீரர்கள் தயாராகும் முன்பே சேத்ரி ஃப்ரீ கிக்கைச் சட்டென்று அடித்து கோல் போட்டார். அந்த கோலை ஏற்க மறுத்த கேரளா பிளாஸ்டர்ஸ் கோச் இவான் வுகோமனோவிச் தன் டீமை மைதானத்தை விட்டு அழைத்துக்கொண்டு போய்விட்டார். மேட்ச் பெங்களூருக்கு. கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், கோச்சுக்கு 10 மேட்ச் தடை.

புதுக் கோச் வந்ததும் ஏன் ஜெயிக்கிறார்கள்

இங்கேதான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். மேட்சுக்குச் சராசரியாக 1.3 புள்ளி எடுக்கும் தரமுள்ள அணி ஒன்று இருக்கிறது. ஐந்து மேட்சில் ஆறேழு புள்ளி வர வேண்டும். கம்பத்தில் பட்ட பந்து, தவறாகக் கொடுத்த பெனால்டி, கீப்பருக்குக் காய்ச்சல் என்று எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே ஒரு புள்ளிதான் வந்தது. கோச்சைத் துரத்துகிறார்கள். புதியவர் வருகிறார். அடுத்த ஐந்தில் துரதிர்ஷ்டம் அதே அளவு தொடர வாய்ப்பு குறைவு, எனவே அணி தன் இயல்பான ஆறேழு புள்ளிக்குத் திரும்புகிறது. பழைய கோச்சே இருந்திருந்தாலும் அது நடந்திருக்கும். பாராட்டு மட்டும் புதியவருக்கு.

இதைச் சோதித்துப் பார்த்தவர் நெதர்லாந்துப் பொருளாதார அறிஞர் பாஸ் டெர் வீல். அந்த நாட்டு முதல் நிலை லீகில் 1986 முதல் 2004 வரை கோச்சை மாற்றிய அணிகளையும், அதே அளவு சரிவைச் சந்தித்தும் மாற்றாமல் இருந்த அணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரு வகை அணிகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி மீண்டெழுந்தன. இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டியை 2016இல் சாம்பியனாக்கிய கோச் க்ளாடியோ ரனியேரியை 2017 பிப்ரவரியில் நீக்கினார்கள். உதவியாளர் க்ரெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்றார், முதல் ஐந்து லீக் மேட்சையும் ஜெயித்தார். அவரையே நிரந்தரக் கோச்சாக்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அவரையும் நீக்கினார்கள்.

பெங்களூரிலேயே இதன் மறுபக்கமும் இருக்கிறது. 2022-23இல் கோச் சைமன் கிரேசனின் பெங்களூரு அணி டூரண்ட் கோப்பையை ஜெயித்துவிட்டு, லீகில் தொடர்ந்து சறுக்கியது. அவரைத் துரத்தவில்லை. லீகின் கடைசி எட்டு மேட்சையும் வரிசையாக ஜெயித்து நான்காவதாக முடித்து, இறுதிப் போட்டி வரை போனார்கள். அடுத்த சீசனில் அதே கோச்சின் கீழ் அணி மறுபடி சரிந்தது, 2023 டிசம்பரில் பிரிந்தார்கள். அந்தச் சீசனில் கிடைத்தது பத்தாவது இடம். ஒரே மனிதரின் கீழ் இரண்டும் நடந்திருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கோச்சால் உண்மையாகவே மாறிய அணிகள்

அதற்காகக் கோச் பொருட்டே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் 2012-13இல் அலெக்ஸ் ஃபெர்குசன் கீழ் 89 புள்ளியோடு சாம்பியன். அடுத்த சீசனில் பெரும்பாலும் அதே வீரர்கள்தான், பொறுப்பில் டேவிட் மாய்ஸ், சீசன் முடிவதற்குள் அவரும் போய்விட்டார். 64 புள்ளி, ஏழாவது இடம். இருபத்தாறு ஆண்டு ஒருவர் கட்டிக்காத்த அன்றாடப் பழக்கங்கள் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

மேலே போன கதை லண்டன் கிளப்பான செல்சியுடையது. 2015-16இல் 50 புள்ளி, பத்தாவது இடம். புதுக் கோச்சாக அந்தோனியோ கோன்ட்டே வந்தார். 2016 செப்டம்பரில் ஆர்சனலிடம் 3-0 தோல்வி. அந்த மேட்சின் நடுவிலேயே பின்னால் மூன்று சென்டர் பேக்குகளை நிறுத்தும் 3-4-3 அமைப்புக்கு மாறினார். அதற்குப் பிறகு தொடர்ந்து 13 லீக் மேட்ச் வெற்றி, 93 புள்ளி, கோப்பை. புதிதாகச் சில நல்ல வீரர்களை வாங்கினார்கள் என்பது உண்மை. ஆனால் வருடக்கணக்கில் வேறு கிளப்புகளுக்கு வாடகைக்குப் போய்க்கொண்டிருந்த விக்டர் மோசஸை வலது விங் பேக்காக்கி, சாம்பியன் அணியின் நிரந்தர ஆட்டக்காரராக்கியது கோச்சின் கண்தான்.

நம் நாட்டில் இந்தக் கண் இருந்தவர் சையத் அப்துல் ரஹீம். 1951லும் 1962லும் ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்தவர். 1962இல் ஜகார்த்தாவில் டிஃபெண்டர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. பின்வரிசையில் ஆடுவது சிரமம் என்ற நிலையில் ரஹீம் அவரை ஃபார்வர்டாக நிறுத்தினார். தென் கொரியாவுக்கு எதிரான இறுதிப் போட்டியில் 2-1 வெற்றி. பி.கே.பானர்ஜி ஒரு கோல், இன்னொன்று ஜர்னைல் சிங். 1963இல் ரஹீம் இறந்தார். அதற்குப் பிறகு இந்தியா அந்தத் தங்கத்தை வாங்கவே இல்லை. எல்லாவற்றுக்கும் அவர் மறைவே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் அவர் விட்டுப்போன இடம் பெரிது.

அப்படியென்றால் எப்படி எடைபோடுவது

பத்துப் பன்னிரண்டு மேட்சுக்குள் தீர்ப்பு வேண்டாம். ஸ்கோரை ஒதுக்கி வைத்துவிட்டு வாய்ப்புகளை எண்ணுங்கள். எக்ஸ்ஜி என்று இப்போது எல்லா மேட்சுக்கும் ஓர் எண் போடுகிறார்கள். ஒவ்வொரு ஷாட்டும் கோலாகும் வாய்ப்பு எவ்வளவு என்பதைக் கூட்டிய தொகை அது. பெனால்டி என்றால் நூறில் 75 முதல் 80 கோலாகும், எனவே அதன் மதிப்பு 0.75க்கு மேல். நாற்பது மீட்டரிலிருந்து ஆசைக்கு அடித்தது என்றால் ஏறக்குறைய பூஜ்யம். அணி தோற்றுக்கொண்டே இருந்தாலும் எக்ஸ்ஜியில் எதிரணியை மிஞ்சிக்கொண்டிருந்தால் கோச்சுக்கு அவகாசம் கொடுக்கலாம். ஜெயித்துக்கொண்டே இருந்தும் எக்ஸ்ஜியில் பின்தங்கினால் கவலைப்பட வேண்டிய நேரம் அதுதான், யாரும் கவலைப்பட மாட்டார்கள் என்றாலும்.

வாங்கிய கோல்களை வகை பிரித்துப் பாருங்கள். கார்னரிலேயே திரும்பத் திரும்ப வாங்கினால் அது பயிற்சியின் குறை. ஒரே வீரரின் தனித் தவறுகள் என்றால், அவரைவிட நல்லவர் பெஞ்சில் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் குறை ஆள் எடுத்தவர்களிடம், அதாவது நிர்வாகத்திடம். தசைக் காயங்கள் மாதாமாதம் கூடினால் புதன்கிழமை வேலையில் கோளாறு. கடந்த சீசனில் சுமாராக ஆடிய இளைஞர்கள் இந்த சீசனில் முன்னேறியிருக்கிறார்களா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்களைக் கேட்டால் இந்திய கிளப் ஒன்றின் கோச்சை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

கண்டீரவாவில் ஓட்டப்பாதை சுற்றியிருப்பதால் மைதானம் தள்ளித்தான் தெரியும். கோலுக்குப் பக்கத்தில் உட்கார நினைப்பவர்களுக்கு அது குறை. ஆனால் மேல் வரிசையில் உட்கார்ந்தால் பதினொரு பேரின் அமைப்பும் ஒரே பார்வையில் விழும், டிவியில் கிடைக்காத காட்சி அது. நம் டீம் பந்தை இழக்கும் கணத்தில் பந்தைப் பார்க்காதீர்கள். மனசுக்குள் ஒன்று முதல் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த ஐந்து நொடியில் எத்தனை பேர் பந்தை நோக்கி நெருங்குகிறார்கள், பின்வரிசை கூடவே மேலே வருகிறதா என்று மட்டும் பாருங்கள். 20ஆவது நிமிடத்தில் ஒரு முறை, 75ஆவது நிமிடத்தில் ஒரு முறை. முதல் தடவை ஐந்து பேர் ஓடிவந்த இடத்தில் இரண்டாவது தடவை இரண்டே பேர் வந்தால், ஒன்று அந்த வாரப் பயிற்சியில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது, அல்லது 60ஆவது நிமிடத்தில் செய்ய வேண்டிய ஆள் மாற்றத்தைக் கோச் செய்யாமல் விட்டிருக்கிறார்.